படியில் வந்து நின்ற தட்டு

கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் காலை பத்து மணிக்கு மேல் யாருக்கும் எதுவும் சரியாகத் தெரியாது. சொட்டு மருந்து விட்டு வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். கண்மணி விரிய விரிய, ஜன்னல் வெளிச்சம் பால் மாதிரி பொங்கி அறை முழுக்கப் பரவும். எதிர் பெஞ்சில் இருப்பது மனிதரா, சாய்த்து வைத்த குடையா என்பதே குத்துமதிப்புதான். பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள். சிலர் தூங்கியே போவார்கள். அந்த மங்கலுக்குள் ஒன்று மட்டும் விளிம்பு கெடாமல் இருக்கும். அது ஒரு பெண்ணின் குரல்.

“டோக்கன் நாற்பத்திரண்டு. மூணாம் நம்பர் அறை. வலது கைப் பக்கம் கம்பி இருக்கு, பிடிச்சிட்டே வாங்க. அவசரமில்ல.”

அந்தக் குரலுக்குரியவளை எல்லோரும் டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். டாக்டர்கள், துப்புரவு செய்கிறவர்கள், எதிர்ச்சாரி மருந்துக் கடைக்காரர் எல்லோருக்கும் அவள் அக்காதான், அவளைவிட மூத்தவர்களுக்கும்கூட. இருபத்தோரு வருஷமாக அதே மேசை, அதே மைக். வயது நாற்பத்தாறு. காலை ஏழு மணிக்கு வந்தால் இரண்டு மணிக்கு எழுந்திருப்பாள்.

வேலைக்கு வந்த புதிதிலேயே அவள் ஒன்றைக் கற்றுக்கொண்டாள். பார்வை மங்கியவர்களுக்குக் காது கூர்மையாகிவிடுகிறது. கொஞ்சம் சலித்துக்கொண்டு நம்பர் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். “ஏம்மா, எனக்கு மட்டும் கோவமாச் சொன்னியே” என்று ஒரு பெரியவர் அவள் மேசைக்கே வந்து கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து காரில் வந்தவர், நடந்து வந்தவர், முதல் தடவை வந்தவர், தினமும் வந்து தொல்லை செய்கிறவர் எல்லோருக்கும் ஒரே குரல்தான். பட்சபாதம் இல்லாத குரல் என்று அவளுக்கே அதில் ஒரு பெருமை. வீட்டில் அவள் கணவர் இதைச் சொல்லிக் கிண்டல் செய்வார். அவர் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். அவள் சாப்பிடக் கூப்பிட்டால், “எந்த நம்பர் அறைன்னு சொல்லலையே?” என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்து வருவார்.

மருத்துவமனைக்குப் பின்தெருவில், காகிதக் கடையின் மாடியில் ஒரு ஒலி நூலகம் இருந்தது. பார்வை இழந்தவர்களுக்காகப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து, அவர்களுடைய போனுக்கு அனுப்புகிற இடம். அதை நடத்திய நூலகர் ஒரு நாள் கண் அழுத்தம் பார்க்க மருத்துவமனைக்கு வந்தபோது தன் நம்பரையே கோட்டைவிட்டார்.

“மூணு தடவை கூப்பிட்டேனே சார், எங்க போனீங்க?”

“இங்கேதாம்மா இருந்தேன். நீங்க கூப்பிடறதைக் கேட்டுக்கிட்டே இருந்தேன். என்னைத்தான் கூப்பிடறீங்கன்னு தோணவே இல்ல, பாட்டுக் கேக்கிற மாதிரி இருந்துச்சு” என்றார் அவர். பிறகு, “எங்களுக்குக் கொஞ்சம் படிச்சுக் கொடுக்கறீங்களா?” என்று கேட்டார்.

புதன்கிழமையும் சனிக்கிழமையும் வேலை முடிந்து அவள் அங்கே போகத் தொடங்கினாள். பதிவு அறை ஒரு குளியலறை அளவுதான். சின்னக் கண்ணாடி ஜன்னல் ஒன்றைத் தவிர, சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளும் கம்பளிகளும். சத்தம் வரும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். கதவைச் சாத்தியதும் தெரு அணைந்துவிடும். காதில் மாட்டிய ஹெட்போனில் தன் குரலே வேறு யாரோ தண்ணீருக்கடியிலிருந்து பேசுவதுபோலத் திரும்பி வரும். முதல் சில நாள் அவளுக்கு அது கூச்சமாக இருந்தது. பிறகு பிடித்துப்போயிற்று. தண்ணீர் பாட்டிலும், பென்சிலும், மஞ்சள் விளக்கும், மடியில் ஒரு புத்தகமும். ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால் வெயில் நம்ப முடியாததாக இருக்கும். தான் எங்கே போயிருந்தோம் என்று அவளால் சொல்ல முடியாது. வியர்வையில் ஜாக்கெட் முதுகோடு ஒட்டியிருப்பது மட்டும்தான் அத்தாட்சி.

முதலில் சர்க்கரை நோய்க் கையேடு படித்தாள். பிறகு நட்சத்திரங்களைப் பற்றி ஒரு புத்தகம். மூன்றாவதாக நூலகர் ஒரு நாவலைக் கொடுத்தார்.

ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருக்கிற ஆள் சொல்கிற கதை அது. கீழ்வீட்டில் வீட்டுக்காரம்மா. அவள் எப்படிப்பட்ட கல் நெஞ்சுக்காரி என்பதைத்தான் அவன் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டு போகிறான். அவனுக்குப் புல்லாங்குழல் வாசிக்க ஆசை. மத்தியானத்தில் வாசிக்காதீர்கள் என்று அவள் ஒரு தடவை சொல்லிவிடுகிறாள். அந்த ஒரு வார்த்தைக்காக எட்டுப் பக்கம் அவன் மனம் புழுங்குகிறான்.

டோக்கன் அக்கா வாரம் ஒரு அத்தியாயமாகப் பதிவு செய்தாள். கடைசிப் பக்கம் வரை முன்னாலேயே படித்துப் பார்க்கவில்லை. கேட்கிறவர்கள் போலவே தானும் அடுத்தது என்ன என்று தெரியாமல் போவது அவளுக்குச் சுவையாக இருந்தது. வீட்டுக்காரம்மா பேசுகிற இடம் வந்தால் மட்டும் தன் பட்சபாதமில்லாத குரலைக் கழற்றி வைத்துவிட்டு, தொண்டையை இறுக்கி, ஒரு கரகரப்போடு பேசுவாள். அது எங்கிருந்தோ தானாக வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நூலகர் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார். ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் அத்தியாயம் முந்நூறு பேருடைய போனுக்குப் போய்ச் சேரும்.

பதினோராவது அத்தியாயம் போன பிறகு வந்த புதன்கிழமை, நூலகர் தன் போனை அவளிடம் நீட்டினார். “ஒருத்தர் உங்ககிட்டதான் பேசணுமாம். போன வாரமும் கூப்பிட்டாரு. நான்தான் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன்.”

“ஹலோ, யாருங்க?”

“நூத்தி பதினேழு” என்றது அந்தப் பக்கக் குரல். “ஆறு மாசம் உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். எனக்கு எப்பவுமே நூத்துக்கு மேலதான் டோக்கன் விழும். லைன்மேனா இருந்தவன், டெலிபோன்ல.”

அவளுக்கு ஞாபகம் வந்தது. தன் வயதுதான் இருக்கும். உயரமான ஆள். கடைசியாக வந்த நாளில் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து, “இனிமே நீங்க என்னைக் கூப்பிட வேண்டியிருக்காது” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனவர். சர்க்கரை இரண்டு கண்ணையும் தின்றுவிட்டிருந்தது.

“சொல்லுங்க, நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன் மேடம். மத்தியானம் சாப்பிட்டுட்டு படுத்துக்கிட்டு உங்களைத்தான் கேக்கறேன். சில நேரம் தூங்கிடுவேன், கனவுலயும் நீங்க படிச்சுக்கிட்டே இருப்பீங்க. முழிச்சுப் பார்த்தா புத்தகத்துல அது இருக்காது. சரி, அதை விடுங்க. ஒரு சந்தேகம். அந்தத் தட்டு நடந்தா வந்துச்சு?”

“எந்தத் தட்டு?”

“ஏழாவது அத்தியாயம். அந்த ஆளு ஒரு மாசம் காய்ச்சல்ல கிடக்கறான் பாருங்க, அங்க.”

நூலகர் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். மூன்றே வாக்கியம்தான். *அந்த ஒரு மாதக் காய்ச்சலில் நான் படுக்கையை விட்டு எழவே இல்லை. மூன்று வேளையும் மாடிப்படியில் தட்டு வந்து நின்றது. பிறகு மழை விட்டது.*

“வந்து நின்றதுன்னுதான் போட்டிருக்கு” என்றாள்.

“அதான் கேக்கறேன். தட்டுக்குக் காலா இருக்கு? மூணு வேளை, முப்பது நாள், தொண்ணூறு தட்டு. யாரோ அந்தப் பதினாலு படியும் ஏறி இறங்கியிருக்காங்க. அந்த வீட்டுல அந்தம்மாவை விட்டா வேற யாரு? புல்லாங்குழலுக்கு எட்டுப் பக்கம் அழறவன், தொண்ணூறு தட்டுக்கு ஒரு வரி. அதுலயும் ஆளைக் காணோம்.”

அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

“இன்னொண்ணு மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. அந்தம்மாவுக்கு ஒரு குரல் வைக்கறீங்களே, ஆணியால தகரத்தைக் கீறுற மாதிரி. அப்படித்தான் பேசுவாங்கன்னு புத்தகத்துல எழுதியிருக்கா?”

“கடுமையாப் பேசினாள்னு எங்கேயோ…”

“எந்தப் பக்கம்னு பார்த்துச் சொல்லுங்க. நான் கம்பத்து மேல உட்கார்ந்து லைன் டெஸ்ட் பண்ணினவன். ஒரு முனையில பேசறதை மட்டும் கேட்டா, பேசற ஆளு பாவம்னுதான் தோணும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அதுக்காகச் சொன்னேன்.”

அன்று அவள் பதிவு செய்யவில்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனாள். மறுநாள் வேலை முடிந்து வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, பென்சிலும் கையுமாக முதல் பக்கத்திலிருந்து தேடினாள். பதினோரு அத்தியாயத்தில் வீட்டுக்காரம்மா முப்பத்தொரு தடவை பேசியிருந்தாள். முப்பத்தொரு இடத்திலும் ‘என்றாள்’ என்றுதான் இருந்தது. கத்தினாள் இல்லை, சீறினாள் இல்லை. ‘என் நெஞ்சில் அறைந்தது’ என்றும் ‘என்னைக் கூனிக் குறுக வைத்தது’ என்றும் வாடகைக்காரன் தன்னைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பதினோரு அத்தியாயத்திலும் அவன் ஒரு தடவைகூடக் கீழ்வீட்டுச் சமையலறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. மத்தியானத்தில் அங்கே யாருடைய தூக்கம் கெட்டது என்று அவன் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அப்படியே கடைசி அத்தியாயம் வரைக்கும் படித்தாள். அதில் வாடகைக்காரன் வேறு ஊரில், வேறு அறையில், தனியாகக் காய்ச்சலில் படுத்திருக்கிறான். மத்தியானம் ஆகிறது. படியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். படி காலியாக இருக்கிறது. அதோடு கதை முடிந்துவிடுகிறது.

அவள் புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். தெருவில் யாரோ இரும்புக் கட்டிலைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். சொல்கிறவன் வேறு, எழுதியவர் வேறு என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுதியவர் இவ்வளவு நேரமும் வாடகைக்காரனின் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நன்றி மறக்காதே என்று எங்கேயும் புத்தி சொல்லவில்லை. ஒரு வாக்கியத்திலிருந்து ஆளை மட்டும் எடுத்துவிட்டு, காலியான அந்த இடத்தை நம் முன்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைக் காதால் பார்த்தவர் லைன்மேன். கண்ணால் படித்தவள் தாண்டிப் போயிருந்தாள். போதாததற்கு, எழுதாத கரகரப்பைத் தன் தொண்டையிலிருந்து எடுத்து அந்தம்மாவின் வாயில் வைத்தும் விட்டாள். முந்நூறு பேருக்கு!

“மறுபடியும் முதல்லேர்ந்து பதிவு பண்றேன் சார்” என்று நூலகரிடம் சொன்னாள்.

“ஏம்மா, பதினோரு அத்தியாயம்! அனுப்பினது அனுப்பினதுதான். யாரு கேட்டா?”

“நூத்தி பதினேழு கேட்டாரே.”

நூலகர் தலையைச் சொறிந்தார். ஆனால் சரி என்றார்.

சொல்லிவிட்டாளே தவிர, அந்தம்மாவுக்கு என்ன குரல் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மெதுவாகப் பேசிப் பார்த்தாள். தேன் தடவின மாதிரி பொய்யாக இருந்தது. தன் வழக்கமான குரலில் படித்தால் வாடகைக்காரனை மூணாம் நம்பர் அறைக்கு அனுப்புகிற மாதிரி இருந்தது. வீட்டில் துணி மடித்துக்கொண்டே வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, மகள் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். மகளுக்கு வயது பத்தொன்பது. கல்லூரியில் கணக்குப் படிக்கிறவள்.

“ஏம்மா இவ்வளவு கஷ்டப்படறே? மொதல்ல வச்சியே, அதுவே சூப்பரா இருந்துச்சு. அத்தை குரல்.”

“எந்த அத்தை?”

“மாமா வீட்டு அத்தைதான். பாட்டி செத்த கதை சொல்லும்போது அவங்களுக்கு வைப்பியே, அந்தக் குரல்.”

மடித்துக்கொண்டிருந்த சட்டை அவள் கையிலேயே நின்றது.

அந்தக் கதை அவர்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். டோக்கன் அக்கா அதை நன்றாகச் சொல்வாள். கல்யாண வீடுகளில் பெண்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, “அதை ஒரு தடவை சொல்லேன்” என்று கேட்டே வாங்குவார்கள். அம்மா படுத்த படுக்கையாக எட்டு மாதம் இருந்தாள். அண்ணன் அப்போது சரக்குக் கப்பலில் சமையல்காரன், எங்கோ நடுக்கடலில் இருந்தான். அம்மாவோடு வீட்டில் அண்ணி மட்டும்தான். உடம்பு ரொம்ப மோசம் என்று தகவல் வந்ததும் டோக்கன் அக்கா கைக்குழந்தையோடு பஸ் ஏறி, ஐந்து மணி நேரப் பயணம் செய்து, மத்தியானம் இரண்டு மணிக்குப் போய் இறங்கினாள். அம்மாவின் அறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினாள், கத்தினாள், உதைத்தாள். அரை மணி நேரம் கழித்துத்தான் அண்ணி கதவைத் திறந்தாள். முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கன்னம் சிவந்து கோடு கோடாக இருந்தது, அவ்வளவு கோபம். “போயிட்டாங்க” என்று ஒரே ஒரு வார்த்தை. இந்த இடத்தில்தான் டோக்கன் அக்கா தொண்டையை இறுக்குவாள். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

அண்ணியோடு அதற்குப் பிறகு பேச்சு என்று ஒன்று இல்லை. விசேஷங்களில் எதிர்ப்பட்டால் ‘வாங்க’, அதற்கு ஒரு தலையசைப்பு. அண்ணன் மட்டும் வருஷத்துக்கு இரண்டு தடவை தனியாக வந்து போவான்.

சனிக்கிழமை அவள் பதிவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நூலகர் இன்னும் வந்திருக்கவில்லை. மஞ்சள் விளக்கைக்கூடப் போடாமல், கம்பளிச் சுவருக்கு நடுவே உட்கார்ந்து, தன் கதையைத் தனக்கே மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். கதவுக்கு வெளியே நின்ற அரை மணி நேரம் நீண்டுகொண்டே போனது. கதவின் பச்சை வண்ணம், தாழ்ப்பாளின் ஆட்டம், குழந்தையின் அழுகை, பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த தண்ணீர் என ஒன்றும் விடுபடவில்லை. அதற்கு முன்னால் இருந்த எட்டு மாதத்துக்கு ஒரே வாக்கியம். *அம்மா எட்டு மாசம் படுக்கையில இருந்தாங்க.* யார் புரட்டிப் படுக்க வைத்தது, யார் துவைத்தது, யார் ஊட்டியது என்று அந்த வாக்கியத்தில் ஆள் இல்லை. கதவுக்கு உள்ளே என்ன நடந்தது என்று சொல்லப் பார்த்தாள். முடியவில்லை. அவளுக்குத் தெரியாது. பத்தொன்பது வருஷமாக அவள் கேட்டதே இல்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் லீவு போட்டாள். கணவரிடம் மட்டும் சொன்னாள். அவர் வேனிலேயே பஸ் நிலையத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, “சண்டை போடப் போறியா, சமாதானத்துக்கா?” என்றார்.

“கேக்கப் போறேன்.”

துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி அண்ணன் வீடு. அண்ணி திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள் என்பது அவளுக்குத் தெரியும், ஆனால் பார்த்ததில்லை. முன்னறை முழுக்கத் துணி. நீலமும், சாம்பலும், வெளிர் பச்சையும் கொடியிலிருந்து தரை வரை தொங்கின. வெளிச்சம் அதற்குள் புகுந்து வரும்போது நிறம் மாறி, அறையே ஏதோ குளத்தின் அடி போல அசைந்துகொண்டிருந்தது. நடுவே தையல் மெஷின். அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். முடி பாதி நரைத்திருந்தது.

“வாங்க” என்றாள். பிறகு, “அவரு கேன்டீன் வேலைக்குப் போயிருக்காரே? நாலு மணிக்குத்தான் வருவாரு?” என்றாள்.

அந்தக் குரலை டோக்கன் அக்கா உன்னிப்பாகக் கேட்டாள். அது மெலிந்த குரல். எதைச் சொன்னாலும் கேள்வி கேட்பதுபோல நுனி மேலே போய் நின்றது. கரகரப்பு துளிகூட இல்லை. எப்போதுமே இருந்ததில்லை போலிருக்கிறது.

“உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் அண்ணி.”

அண்ணி மெஷினிலிருந்து கையை எடுக்கவில்லை. டோக்கன் அக்கா துணி மூட்டைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“அம்மா போன அன்னைக்குக் கதவுக்கு உள்ள என்ன நடந்துச்சுன்னு நான் உங்களைக் கேட்டதே இல்ல.”

காற்றில் திரைகள் மட்டும் ஊதி அடங்கின.

“உனக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்றாள் அண்ணி. ‘வாங்க’ போய் ‘நீ’ வந்திருந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

“என்ன தெரியும்?”

“நான் தூங்கிட்டேன்னு.”

டோக்கன் அக்காவுக்குப் புரியவில்லை.

“நாலு நாளா அத்தை கண்ணே மூடல. நானும்தான். அன்னைக்குப் பதினோரு மணிக்கு மேல கொஞ்சம் அடங்கினாங்க, மூச்சு சீரா வந்துச்சு. தெருவுல இருக்கிறவங்க மாத்தி மாத்தி எட்டிப் பார்த்துக்கிட்டே இருந்தாங்களா, ஒவ்வொரு தடவையும் திடுக்குனு முழிச்சாங்க. அதனாலதான் தாழ்ப்பாள் போட்டேன். கட்டிலுக்குக் கீழ பாயில படுத்து, அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன். பத்து நிமிஷம்னுதான் நெனச்சேன்.” அண்ணி துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். “கனவு வந்துச்சு. அத்தை எழுந்து நடமாடுறாங்க. யாரோ தச்சரு வந்து சுவத்துல பலகை அடிக்கிறாரு. டொக்கு டொக்குன்னு அடிச்சுக்கிட்டே இருக்காரு. அத்தை அவரைப் பார்த்து, மேல, இன்னும் மேலன்னு சொல்லிக்கிட்டிருக்காங்க. நல்லா இருந்துச்சு கனவு. நீ கதவு தட்டினதுதான் அதுன்னு அப்புறம் தெரிஞ்சுது. முழிச்சப்ப என் கையில இருந்த கை சில்லுன்னு இருந்துச்சு.”

“அண்ணி…”

“கதவைத் திறந்தேன். நீ என் மூஞ்சியைத்தான் பார்த்தே. கன்னத்துல பாய்க் கோடு பதிஞ்சிருந்துச்சு, எனக்கே எரிஞ்சுது. பார்த்ததும் நீ கண்டுபிடிச்சிட்டேன்னு நெனச்சேன். பெத்தவ சாகும்போது பக்கத்துல இருந்தவ குறட்டை விட்டுக்கிட்டு இருந்தாள்னு. அதனாலதான் நீ பேசலைன்னு இத்தனை வருஷமா… உங்க அண்ணன்கிட்டகூட நான் சொன்னதில்ல.”

டோக்கன் அக்காவுக்கு அழுகை வரவில்லை. உடம்பிலிருந்து ஏதோ பாரம் இறங்குகிற மாதிரியும், அதே பாரம் வேறு இடத்தில் ஏறிக்கொள்கிற மாதிரியும் இருந்தது. கோபத்தின் கோடு என்று அவள் ஊரெல்லாம் சொன்னது பாயின் கோடு.

“நான் இதை வேற மாதிரி ஒரு கதையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன் அண்ணி. எல்லார்கிட்டயும்.”

“தெரியுமே? அவரு சொல்லியிருக்காரு. ரொம்ப நல்லாச் சொல்லுவியாமே?”

இதற்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் டோக்கன் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, “அந்த எட்டு மாசத்தைச் சொல்லுங்க” என்றாள்.

அண்ணி சொன்னாள். பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு ரேடியோவில் வானிலை அறிக்கை கேட்டாக வேண்டும். கப்பலில் இருக்கிற மகனுக்குக் காற்று எப்படி என்று அதை வைத்துக் கணக்குப் போடுவாள். முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். “ஒரு நாள் நான் கத்தியும் இருக்கேன். தட்டைத் தட்டிவிட்டுட்டாங்க, எனக்குக் கோவம் வந்திருச்சு. செத்தாவது தொலையேன்னு சொல்லிட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் அவங்களே, கொஞ்சம் சாப்பிடேன்டி, மூஞ்சி வாடியிருக்குன்னாங்க.” அண்ணி இதைச் சொல்லும்போதும் குரலின் நுனி மேலேதான் போயிற்று, அதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல.

அண்ணன் நான்கு மணிக்கு வந்தபோது இரண்டு பேரும் ஒரு நீளமான சாம்பல் நிறத் துணியின் இரண்டு முனையைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“யாரு செத்தா?” என்றான் பயந்துபோய்.

“ஏன், நான் சும்மா வரக் கூடாதாண்ணா?” என்றாள் தங்கை.

ஊருக்குத் திரும்பிய அந்த வாரமே நாவலை முதலிலிருந்து பதிவு செய்யத் தொடங்கினாள். வீட்டுக்காரம்மாவுக்குக் குரலே வைக்கவில்லை. வாடகைக்காரனுக்கு என்ன குரலோ, அதே குரலில்தான் அவளும் பேசினாள். புல்லாங்குழல் இடம் வந்தபோது அவன் புழுக்கத்தை அப்படியே படித்தாள், அவனையும் கெட்டவனாக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஏழாவது அத்தியாயத்தில் மட்டும் நூலகர் கண்ணாடியைத் தட்டினார்.

“ஏம்மா, நடுவுல இவ்வளவு இடைவெளி விட்டுட்டீங்க? வெட்டிடட்டுமா?”

“வேண்டாம் சார், இருக்கட்டும்.”

அது ‘மாடிப்படியில் தட்டு’ என்பதற்கும் ‘வந்து நின்றது’ என்பதற்கும் நடுவே இருந்தது. பிறகு லைன்மேன் போன் செய்தபோது அதைப் பற்றித்தான் முதலில் பேசினார். “மேடம், அந்த இடத்துல யாரோ படியில ஏறி வர்ற அளவுக்கு நேரம் விட்டிருக்கீங்க. நான் எண்ணினேன், பதினாலு படிக்குச் சரியா இருக்கு.” உடனே, “ஆனா பத்தாவது அத்தியாயத்துல நீங்க தும்மினது அப்படியே இருக்கு” என்று குறையும் சொன்னார். மற்ற முந்நூறு பேரில் இரண்டு பேர் பழைய குரல்தான் நன்றாக இருந்தது, வில்லி மாதிரி இருந்தது என்று எழுதி அனுப்பினார்கள்.

கல்யாண வீடுகளில் இப்போதும் அந்தக் கதையைக் கேட்கிறார்கள். டோக்கன் அக்காவும் சொல்கிறாள். ஆனால் அது நீண்டுபோய்விட்டது. எட்டு மாதத்திலிருந்து தொடங்குகிறது. வானிலை அறிக்கை வருகிறது. புரட்டிப் படுக்க வைப்பது வருகிறது. கதவு வருவதற்குள் பாதிப் பேர் சாப்பிட எழுந்துவிடுகிறார்கள். “முன்னாடி எல்லாம் எவ்வளவு நல்லாச் சொல்லுவே!” என்று பெரியம்மா ஒருத்தி குறைப்பட்டுக்கொண்டாள். தூங்கிப்போன பகுதியை மட்டும் அவள் யாருக்கும் சொல்வதில்லை. அது அண்ணி சொல்ல வேண்டியது. அண்ணி எப்போது, எந்த வார்த்தையில் அண்ணனிடம் சொன்னாள் என்பது டோக்கன் அக்காவுக்குத் தெரியாது, கேட்டுக்கொள்ளவும் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும், அண்ணனிடமிருந்து போன் வந்தது. அவன் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவான். குரலை ரொம்பத் தாழ்த்திப் பேசினான்.

“ஒண்ணுமில்ல, பயப்படாதே. உங்க அண்ணி தூங்குறா.”

“தூங்கினா தூங்கட்டும், அதுக்கு எதுக்குண்ணா போனு?”

“இல்ல, நான் கப்பலை விட்டு வந்து பத்து வருஷமாச்சு. பகல்ல அவ கண்ணசந்து நான் பார்த்ததே இல்ல. காய்ச்சல் வந்தாக்கூட உட்கார்ந்துக்கிட்டுதான் இருப்பா. இப்ப மெஷின் மேலேயே தலையை வச்சுத் தூங்குறா. வாய் வேற திறந்திருக்கு. துணி வாங்க ஆள் வந்து வாசல்ல நிக்கறாங்க. எழுப்பட்டுமா?”

“அவங்களை நாளைக்கு வரச் சொல்லுண்ணா” என்றாள் டோக்கன் அக்கா.

“எதுக்குன்னு கேட்டா?”

“அவ தூங்குறான்னு சொல்லேன்.”

அவன் போனை வைக்க மறந்துவிட்டான் போலிருக்கிறது. அவள் காதில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் அவன் யாரிடமோ மெதுவாக ஏதோ சொல்வதும், யாரோ செருப்பை மாட்டிக்கொண்டு போவதும், பிறகு துணிகள் காற்றில் அசைவதும் கேட்டது.